அருட்பிரகாசத்தின் முதலெழுத்து

2005 வசந்தத்தில் லண்டன் குட்மேய்ஸிலுள்ள தவநாயகி வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. ஐடஹோவில் டெல்மர் கிராஸிங் என்கிற சின்ன நகரம் தன் நூறாண்டுக் கதையைத் தானே எழுதி அச்சிட்டிருந்தது. வெள்ளிச் சுரங்கம், ரயில் வந்த நாள், இரண்டு தரம் எரிந்த ஹோட்டல் என்று போய், கடைசியில் ‘நகரின் குறிப்பிடத்தக்கவர்கள்’. மூவாயிரம் பேர் உள்ள இடத்தில் நாற்பது பேர் குறிப்பிடத்தக்கவர்கள்! முப்பது வருடம் ஒரே பஸ்ஸை ஓட்டியவர்கூட இருந்தார். நம்முடைய பழைய மாணவர் சங்க விழா மலர் தோற்றுப்போகும்.

தவநாயகி தேடியது அண்ணன் கிருஷ்ணராசாவை. அந்த ஊரின் ஒரே மருந்துக்கடையை இருபத்திரண்டு வருடம் நடத்தி, போன வருடம் மாரடைப்பில் அங்கேயே இறந்தவர். அவருடைய படம் இருந்தது. கீழே ‘திரு. அருட்பிரகாசம்’ என்று போட்டிருந்தார்கள்.

அருட்பிரகாசம் அவர்களுடைய தகப்பன். யாழ்ப்பாணத்துச் சங்கானையில் வாத்தியாராக இருந்து, கொழும்பையே இரண்டு தரம்தான் பார்த்த மனிதர். அவர் பனிப்புயலில் எட்டு மைல் நடந்துபோய் ஒரு குழந்தைக்கு இன்சுலின் கொடுத்தார் என்றது புத்தகம்.

யாரையும் குறை சொல்ல முடியாது. அ. கிருஷ்ணராசா என்று நாம் எழுதினால் ‘அ’ தகப்பன். அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தகப்பன் முழுதாக ஏறிக்கொள்ள, மகன் ‘கே’ என்று ஓரத்துக்குப் போய்விட்டார்.

“ஒரு பேர்தானே, விடுமன்,” என்றார் அவளுடைய கணவர் இராஜேந்திரன்.

அவளால் விட முடியவில்லை. 1979இல் தாய் இறந்தபோது கிருஷ்ணராசா அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தால் திரும்பவும் உள்ளே போக விசா கிடைக்காது. ஒரே மகன், கொள்ளி வைக்க வரவில்லை. தகப்பனுக்கு வந்த கோபத்தில் ஒரு கடிதம் போனது: ‘இனி உன் பெயருக்கு முன்னால் என் முதலெழுத்தைப் போடாதே.’ கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் தவநாயகி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நாலு வருடத்தில் தகப்பனும் போய்ச் சேர்ந்தார், மனம் மாறாமலே. அண்ணன் ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் அவளுக்கு ஃபோன் எடுப்பார். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுடைய கையெழுத்து அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இப்போது அவரைப் பற்றி எழுதிய ஒரே புத்தகத்தில் அவருடைய பெயரே இல்லை. அதையாவது தான் சரிசெய்ய வேண்டும் என்று அவள் நினைத்தாள். இரண்டாம் அச்சுக்கு வெள்ளிக்கிழமை வரை திருத்தம் சொல்லலாம். வியாழன் பின்னேரம் ஸ்கூல் கிச்சன் வேலை முடிந்து வந்ததும், ஃபோன் கார்டைச் சுரண்டி, புத்தகத்தைத் தொகுத்த நூலகர் கத்தரினை அழைத்தாள்.

“அது தவறில்லையே,” என்றாள் கத்தரின். “அச்சுக்குப் போகுமுன் அவரே படித்துப் பார்த்தார். சொந்தப் பெயர் கிருஷ்ணராசா என்று எனக்குத் தெரியும். அதையே போடட்டுமா என்றுகூடக் கேட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“எங்கள் ஊரில் அப்பாவின் பெயர்தான் ஒரு எழுத்தாகச் சுருங்கும், இங்கே என் பெயர் சுருங்கிவிட்டது என்று சிரித்தார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் நாள் முழுக்க அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றாதீர்கள் என்றார். உங்களுக்கு மாற்ற வேண்டுமா?”

தவநாயகி வேண்டாம் என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

“என்னவாம், திருத்துவினமாமோ?” என்று கேட்டார் இராஜேந்திரன்.

“இல்லை. நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.” புத்தகத்தில் அண்ணனின் படத்துக்குக் கீழே இருந்த பெயரை விரலால் தொட்டாள். “அண்ணை அந்தக் கடிதத்துக்குப் பதில் போடேல்லையெண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்,” என்றவள், வாய்விட்டு அழுதாள்.