‘நீக்கத்தக்கது’ என்று தட்டச்சடித்தவர்

விமானப் பிரிவுக்கு மாற்றப்பட்டபோது அர்த்தநாரி ஒரு விமானத்தைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. லாரியைத்தான் பார்த்திருந்தார். பதினோரு வருடங்கள் லாரியை மட்டுமே பார்த்திருந்தார்.

அவர் வேலை செய்த கம்பெனிக்குச் சேலத்தில் நூல் மில், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை, வடநாட்டில் ஒரு சிமெண்ட் ஆலை, நூற்றுச் சொச்சம் லாரிகள் எல்லாம் இருந்தன. இளம்பிள்ளைக்கு அருகே கூலிக்கு ஏர் ஓட்டியவரின் மகன் அர்த்தநாரி, தமிழ், ஆங்கிலம் இரண்டு தட்டச்சிலும் தேறி அங்கே எழுத்தராகச் சேர்ந்தார். புது லாரி வாங்கும்போதெல்லாம் அவர் ஒரு தாளில் கட்டம் போடுவார். எவ்வளவு பாரம் ஏற்றும், ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடும், டயர் எத்தனை மாதம் வரும், பழுதானால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும். நான்கு லாரிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, கடைசி வரியில் எது நல்லது என்று எழுதுவார். அந்தக் கடைசி வரி ஒருமுறையும் தப்பியதில்லை என்று டிரைவர்களே சொல்வார்கள்.

1979 சித்திரையில் முதலாளி சென்னிமலை அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏம்ப்பா அர்த்தநாரி, லாரிக்குக் கட்டம் போடறயே, அதே மாதிரி ஏரோப்ளேனுக்கு ஒண்ணு போடு.”

“ஏரோப்ளேனுங்களா?”

“ஏன், அதுக்கும் டயரு இருக்குதல்லோ? டில்லிக்குப் போறதுன்னா மெட்ராஸுக்குப் போயி ஒருநாள் கெடக்க வேண்டியிருக்குது. நமக்குன்னு ஒண்ணு வேணும். ஒண்ணு சொல்லிப்போட்டேன், அறிக்கை தமிழ்ல இருக்கோணும். இங்கிலீசுல எளுதி என்னைய ஏமாத்தக் கூடாது.”

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியறைக்கு ‘விமானப் பிரிவு’ என்று பலகை மாட்டினார்கள். பலகை வந்துவிட்டது, விமானம்தான் இல்லை. பிரிவில் இரண்டே பேர். ஒருவர் அர்த்தநாரி. மற்றவர் மயில்சாமி, விமானப் படையில் இருபது வருடம் ஓட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஈரோட்டுக்காரர். மேசை மேல் வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்பிய பளபளப்பான புத்தகங்கள் இரண்டு. ஒன்று ஜெட், மற்றொன்று இரண்டு காற்றாடி வைத்த விமானம்.

மூன்று வாரம் கட்டம் போட்டார்கள். எட்டுப் பேர் உட்காரலாமா, பம்பாய்க்கு நடுவில் இறங்காமல் போகுமா, எண்ணெய் எவ்வளவு குடிக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர் இந்தியாவில் உண்டா. ஜெட் வேகத்தில் ஜெயித்தது. மற்ற எல்லா வரியிலும் காற்றாடி விமானம் ஜெயித்தது. கடைசியாக ஓடுதளம் வந்தது.

சேலத்துக்கு வெளியே வெள்ளக்கரட்டில், கம்பெனியின் சொந்த மேட்டு நிலத்தில், விமான ஆசையில் முதலாளி முன்பே போட்டு வைத்த ஓர் ஓடுதளம் இருந்தது. மூவாயிரத்து அறுநூறு அடி. ஜெட்டின் புத்தகம் நாலாயிரத்து நூறு அடி போதும் என்றது. அர்த்தநாரி அதை அப்படியே எழுதப் போனார்.

“நில்லுங்க. அது பதினஞ்சு டிகிரிக்குப் போட்ட கணக்கு” என்றார் மயில்சாமி. “அந்தக் குளிரு நம்மூர்ல எந்தக் காலத்துல இருந்துச்சு? வெயில் ஏற ஏறக் காத்து நீர்த்துப் போயிரும். இஞ்சினுக்கும் மூச்சு முட்டும், றெக்கைக்கும் புடி இருக்காது. சித்திரை மாசத்துல இது மேல எந்திரிக்கோணும்னா அஞ்சாயிரத்து நானூறு அடி வேணுமுங்க.”

“காத்தாடி?”

“அது மூவாயிரத்து முந்நூறுல எந்திரிச்சிரும். இப்ப இருக்கற தளமே தாராளம். அதையே எழுதுங்க.”

ஜெட் என்றால் இன்னும் ஆயிரத்து எண்ணூறு அடி நீட்ட வேண்டும். எந்தப் பக்கம் நீட்டலாம், வழியில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து வர அர்த்தநாரி அளவுச் சங்கிலி எடுத்துக்கொண்டு வெள்ளக்கரட்டுக்குப் போனார். மேற்கே, வேப்பமரத்தடியில் முதலாளி குலத்தார் கும்பிடும் கன்னிமார் கற்கள் ஏழு இருந்தன. முழங்கால் உயரம். கிழக்கே வளவு. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் வாழ்ந்த இருபத்து மூன்று வீடுகள்.

வளவின் முதல் வீட்டில் அங்காளம்மாள் என்ற பெண் மண் குழைத்துச் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி தண்ணீர் கேட்டார். அவள் கையைக் கழுவிவிட்டுத் தயங்கி நின்றாள்.

“எங்க சொம்புல குடிப்பீங்களா சாமி?”

“குடுங்கம்மா. தண்ணிக்கு என்ன சாதி?”

வாய் வைத்தே குடித்தார். அவள் சிரித்தாள். “எதுக்குங்க அளக்கறீங்க? ரோடு போடறாங்களா?”

“சும்மா கணக்குக்குத்தான்.”

திரும்பி வரும்போது பேருந்தில் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஊரில் எவன் அந்தச் சொம்பைத் தொட்டிருப்பான்? அர்த்தநாரி நிறையப் படித்தவர். சாதி ஒழிப்புக் கூட்டங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டை வரை நடந்தே போனவர். ஒரு சொம்புத் தண்ணீரோடு தன் கடமை முடிந்தது என்று நம்பும் படித்தவர்கள் நம்மிடையே ஏராளம். அன்று அவரும் அவர்களில் ஒருவர்.

கடைசி வரியில் ‘காற்றாடி விமானமே உகந்தது’ என்று எழுதி அறிக்கையைக் கொடுத்தார்கள். மயில்சாமி உடற்பரிசோதனைக்காகப் பெங்களூர் போயிருந்த நாளில் முதலாளி அர்த்தநாரியை மட்டும் அழைத்தார்.

“கோயமுத்தூர் மில்லுக்காரன் எறங்கறது காத்தாடிலதான். நானும் காத்தாடிலயே எறங்கறதுக்கு நான் என்னத்துக்கு வாங்கோணும்? ஜெட்டுன்னு மாத்தி அடிச்சுட்டு வா.”

“தளம் பத்தாதுங்க. மேக்கால நீட்டினா…”

“கன்னிமாரு மேல ஏரோப்ளேன் ஓட்டச் சொல்றயா?”

“கெழக்கால வளவு இருக்குதுங்க.”

முதலாளி அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததன் பழியை அர்த்தநாரி யார் மேலும் போட்டதில்லை. முதலாளி மாற்றச் சொன்னது கடைசி வரியைத்தான். மயில்சாமி கொடுத்திருந்த ஆங்கிலப் படிவத்தில் ‘தடைகள்’ என்றொரு பட்டியல் இருந்தது. விமானம் ஏறி இறங்கும் வழியில் நிற்கும் மரம், கம்பம், மேடு இவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் அகற்றக்கூடியதா இல்லையா என்று குறிக்க வேண்டும். மரத்துக்கும் கம்பத்துக்கும் ஏற்பட்ட படிவம் அது. அர்த்தநாரி அதைத் தமிழாக்கினார். அகற்றக்கூடியது என்பது சாதாரணமாகப் பட்டது. சற்று யோசித்து ‘நீக்கத்தக்கது’ என்று அடித்தார். சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

பனைமரம், ஆறு: நீக்கத்தக்கது. மின்கம்பம், இரண்டு: நீக்கத்தக்கது. கன்னிமார் கற்கள், ஏழு: நீக்க இயலாது. வீடுகள், இருபத்து மூன்று.

அங்கே விரல் நின்றது. பிறகு, மேலே இருந்த சொல்லையே அடித்தார்.

ஏழு கற்களுக்கு வலிக்கும் என்று அந்தக் கம்பெனியில் எல்லோரும் நம்பினார்கள். இருபத்து மூன்று அடுப்புகளைப் பற்றி அப்படி நினைக்க ஒருவர் இல்லை. இதைப் பக்தி என்று சொல்லிக்கொள்கிறார்கள். கல்லைக் கும்பிடுவது அறியாமை என்று மன்னித்துவிடலாம். கல்லுக்குக் கொடுத்த இடத்தை மனிதனுக்குக் கொடுக்க மறுப்பதில் அறியாமை ஏதும் இல்லை, அது கணக்குப் போட்டுச் செய்யும் அயோக்கியத்தனம்.

மயில்சாமி திரும்பி வந்து அறிக்கையைப் படித்தார். “இதை நான் எழுதலீங்க” என்று மட்டும் சொன்னார். அன்றே சாவியை மேசையில் வைத்துவிட்டு ஈரோட்டுக்குப் பேருந்து ஏறினார். அர்த்தநாரிக்கு ‘மேலாளர்’ என்று பதவி வந்தது, மேசையில் தொலைபேசி வந்தது.

தமிழில் இருந்ததால் அந்தப் பக்கத்தையே நில விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினார்கள். வளவு புறம்போக்கில் இருந்தது, ஒருவருக்கும் பட்டா கிடையாது. 1981 தை மாதம் உத்தரவு வந்தது. அர்த்தநாரி அதைப் பிரித்தார். ‘மேற்படி இருபத்து மூன்று குடியிருப்புகளும் நீக்கத்தக்கவை என்று அறிக்கையால் தெரியவருவதால்’ என்று தொடங்கியது. தான் தேர்ந்தெடுத்த சொல்லை அரசாங்கத்தின் முத்திரைக்கு மேலே பார்த்தார்.

காலி செய்ய வந்தவை கம்பெனி லாரிகள்தான். வண்டிக்குச் சீட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமென்று அவரையே அனுப்பினார்கள். கதவு, உரல், ஆட்டுக்குட்டி, கூரையிலிருந்து உருவிய மூங்கில் எல்லாம் ஏறின. அங்காளம்மாள் லாரியின் பின்பலகையைப் பிடித்தபடி அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

“சும்மா கணக்குக்குன்னீங்களே சாமி. கணக்கு முடிஞ்சுதுங்களா?”

கூட ஏறியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு எதையும் செய்ய முடியாத இடத்தில் வரும் சிரிப்பு. அர்த்தநாரி சீட்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டரை மைலுக்கு அப்பால், கரட்டுச் சரிவில், கிணறு தோண்டினால் பாறை தட்டும் இடத்தில் அவர்களை இறக்கினார்கள்.

மூன்று வருடம் ஜெட்டுக்காக டில்லிக்குக் காகிதங்கள் போயின. 1984இல் பதில் வந்தது. ஒரு தனிப்பட்ட கம்பெனியின் ஜெட்டுக்கு அந்நியச் செலாவணி ஒதுக்க முடியாது. வேண்டுமானால் சிறிய காற்றாடி விமானத்துக்கு அனுமதி தரலாம். முதலாளி பிறகு அதையே வாங்கினார்.

அது முதன்முதலாக வெள்ளக்கரட்டில் இறங்கிய நாளில் மாலை, மேளம், எலுமிச்சை எல்லாம் தயாராக இருந்தன. அர்த்தநாரி கூட்டத்திலிருந்து விலகி நின்றார். விமானம் மேற்கு முனையில் தரை தொட்டது, ஓடியது, பழைய தளத்தில் பாதி தாண்டுவதற்குள் நின்றது. கிழக்கே நீட்டிய ஆயிரத்து எண்ணூறு அடியும் வெறுமையாகக் கிடந்தது. ஒரு சக்கரமும் அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகும் தொடவே இல்லை.

முதலாளி நன்றாகத்தான் தூங்கினார். அர்த்தநாரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி வசந்தாமணி வைத்தியரிடம் அழைத்துப் போனாள். வைத்தியர் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். கடைசியில் அவள், “எதையோ முழுங்கி வெச்சிருக்கறீங்க. யாருகிட்டச் சொல்லோணுமோ அவங்ககிட்டப் போயிச் சொல்லிப்போட்டு வாங்க” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கரட்டுச் சரிவுக்குப் போனார். அங்காளம்மாள் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாகத் தண்ணீர்க் குடங்களோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒன்றரை மைலிலிருந்து தண்ணீர். அவர் நின்றபடியே, கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு விமானங்கள், மாற்றி அடித்த வரி, பட்டியல், அந்தச் சொல்.

“அது என்னங்க வார்த்தை? இன்னொருக்காச் சொல்லுங்க.”

“நீக்கத்தக்கது.”

“அப்படீன்னா?”

“எடுத்துப் போட்டுடலாம்னு.”

“ஊட்டையா, எங்களையா?”

அவள் குடங்களை இறக்கி வைத்தாள்.

“எங்க ஊடு இருந்த எடத்துல இப்ப ஏரோப்ளேன் ஓடுதுங்களா?”

“இல்லீங்க.”

“ஓடவே ஓடாதுங்களா?”

“ஓடாதுங்க. அதுக்கு அந்த எடமே வேண்டியதில்லை.”

“அப்பப் பின்னெ என்னத்துக்குங்க இங்க வந்து அளுதுட்டு நிக்கறீங்க? இதையே ஒரு காயிதத்துல எளுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாங்க திரும்பிப் போறோம்.”

திரும்பிப் போகலாம் என்பது அவர் எண்ணத்தில் ஒருமுறையும் வந்ததில்லை. மன்னிப்பையோ வசையையோ வாங்கிக்கொண்டு, எடை குறைந்து வீடு திரும்பத்தான் அவர் வந்திருந்தார். தன் குற்ற உணர்விலும் தன்னையேதான் கவனித்துக்கொண்டிருந்தோம் என்பது அந்தச் சரிவில் அவருக்கு உறைத்தது.

மறுநாள் அலுவலகத்துத் தட்டச்சிலேயே அடித்தார். எந்த விமானத்துக்கு எத்தனை அடி, எந்த வரி எப்போது மாற்றப்பட்டது, மாற்றியது யார். கீழே தன் பெயர், பதவி. ஒரு நகலை முதலாளியின் மேசையில் வைத்தார்.

“உப்புத் தின்ன ஊட்டுக்கு நீ செய்யற வேலையா இது?”

“உங்க உப்பத் தின்னுட்டுத்தானுங்க அதை அடிச்சேன்” என்றார் அர்த்தநாரி. அன்று மாலையோடு வேலை போயிற்று.

அந்தத் தாளை வைத்து வளவுக்காரர்கள் போட்ட வழக்கு இரண்டு வருடம் நடந்தது. 1986இல் கிழக்குப் பகுதி நிலத்தைப் பட்டாவோடு திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கதவோடும் உரலோடும் திரும்பி வந்தவை ஒன்பது குடும்பங்கள். மீதிப் பதினாலும் அதற்குள் செங்கல் சூளைக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் சிதறிப் போயிருந்தன. அங்காளம்மாளும் போயிருந்தாள். எந்தச் சூளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அர்த்தநாரி இப்போது கலெக்டர் அலுவலகத்துக்கு வெளியே, புளியமரத்தடியில், தட்டச்சை வைத்து மனு அடிக்கிறார். ஒன்பது வீட்டையாவது மீட்டுக் கொடுத்தீர்களே என்று யாராவது பாராட்டினால் அவருக்குக் கோபம் வரும். சூளை வேலைக்காரர்கள் யார் மனு எழுத வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: “உங்க சூளையில வெள்ளக்கரட்டு அங்காளம்மான்னு யாராச்சும் இருக்கறாங்களா?” இல்லை என்பார்கள். சரி என்று தாளைச் செருகுவார்.