திருகில் கை வைக்கும் முன் ஒரு படம்

என் மைத்துனன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். மூடியைத் திறந்ததும், திருகில் கை வைக்கும் முன், உள்ளதை உள்ளபடி படம் எடுத்துக்கொள்வான். கேமரா போன் வராத காலத்தில் எந்த நிற ஒயர் எங்கே இருந்தது என்று முழங்கை வரை பேனாவால் வரைந்துகொண்டு வீடு திரும்புவான்.

"கையா, கரும்பலகையா? சோப்பு யார் வாங்குறது?" என்று அவன் அக்கா, அதாவது என் மனைவி, தேய்த்துவிட்டபடியே திட்டுவாள்.

"மாத்தி மாட்டினா மூணாவது மாடிக்கு அமுக்கினவங்க தரையில போய் நிப்பாங்க. பரவாயில்லையா?"

எங்கள் மகளுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கரை சேரும்போதெல்லாம் அம்மாவுக்குக் குரல் பதிந்து அனுப்புவாள். பேசியதை அவள் சேர்த்து வைப்பதில்லை. எல்லாம் அம்மாவின் போனில்தான். பார்வை மங்கிய என் மனைவி தினமும் அவற்றைக் கேட்பாள்.

அந்தப் போனில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு நகல் என் கணினியில் இருந்தது. கணினியில் இடம் தீர்ந்தபோது மைத்துனன் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தான். எதையும் தொடும் முன் திரையைப் படம் எடுத்தான்.

"இது லிஃப்ட் இல்லப்பா."

"இருக்கட்டும் அத்தான். கை சும்மா இருக்காது."

நகலை டிஸ்கில் ஏற்றி, சரிபார்த்த பிறகே கணினியில் இருந்ததை அழித்தான். அவன் போனதும், டிஸ்கில் அந்த நகல் இருந்த ஃபோல்டரின் பெயரைப் பார்த்தேன். எழுத்தும் எண்ணுமாக, பூனை நடந்து தட்டியதுபோல் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தேதி போட்டு, 'மனைவியின் கைபேசி' என்று அழகாக மாற்றினேன்.

சில மாதங்களில் அவள் போன் தண்ணீர் வாளியில் விழுந்து செத்தது. புதிய போனில் ஏற்றுவதற்காக, டிஸ்கிலிருந்து நகலைக் கணினிக்குக் கொண்டுவந்தேன். நகலே இல்லை என்றது கணினி. மறுபடி முயன்றேன்; அதே பதில். என் மனைவி புது போனை மடியில் வைத்தபடி, "இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மைத்துனனைக் கூப்பிட்டேன். வந்ததும் ஃபோல்டரைப் பார்த்தான்.

"பேரை மாத்தினீங்களா?"

"ஒழுங்குபடுத்தினேன்."

"பழைய பேரை வச்சுத்தான் கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடிக்கும். பேர் வைக்குற ஆசையை எல்லாம் பேரப்பிள்ளைங்களோட நிறுத்திக்குங்க அத்தான்."

தன் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். மோட்டார், ஒயர், மறுபடி மோட்டார். நடுவே என் கணினித் திரை. பழைய பெயர் முழுதாக அதில் இருந்தது. நான் எழுத்தெழுத்தாகப் படிக்க, அவன் தட்டினான். கணினி நகலைக் கண்டுகொண்டது. அந்தக் கிறுக்குப் பெயரை நான் இன்றுவரை தொடவில்லை. அவனுக்கு நான் செலுத்தும் நன்றி அது.

ஏற்றி முடியும்வரை எழாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு மகளின் குரல் வந்தது: "அம்மா, இங்க ஒரே மழை. நீ சாப்பிட்டியா?"

என் மனைவி தடவிப் பார்த்துத் தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே கையில என்ன வேணா வரைஞ்சுக்கோடா. சோப்பு நான் வாங்கித் தரேன்."