டிவி பேட்டரியில் ஜெயித்த மோட்டார்

எண்பதுகளில் எனக்குக் கோலாலம்பூர் பக்கம் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து, கலும்பாங் பக்கத்தில் ரப்பரும் செம்பனையும் போட்ட தோட்டத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்காவின் கணவர் லோரி ஓட்டுபவர். மாமா என்று கூப்பிடுவேன். பெட்ரோல் குடிக்காத எதுவும் நகராது என்பது அவர் கட்சி. பால்சா மரத்திலும் மெல்லிய தாளிலும் நான் ஒட்டிய விமானம் மின்சார மோட்டாரில் பறக்கும் என்றதற்கு, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில், மறுநாள் காலை பள்ளித் திடலில் பறக்கவிட்டுக் காட்டுகிறேன் என்று நானும் லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

எந்த மோட்டார் என்பதுதான் பாக்கி. கெட்டுப்போன கேசட் ரேடியோவில் கழற்றிய ஒன்றும் பொம்மைக் காரில் இருந்த ஒன்றும் கையில் இருந்தன. அவை போதாதென்று கோலாலம்பூர் கடையில் பருத்த ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதைப் பார்க்கும்போதே எனக்கு மீசை துடிக்கும். ஆனாலும் நான் நியாயவான். ஒவ்வொன்றிலும் விசிறி மாட்டி, பலகையில் கட்டி, பலகைக்கு அடியில் பென்சில்களை உருளவிட்டு, பின்னால் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கோத்தேன். அதிகம் இழுப்பதற்கே வேலை.

லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. டிவியே கார் பேட்டரியில்தான் ஓடும். அந்தப் பேட்டரியை இழுத்து வந்தேன். கேசட் மோட்டார் தராசு முள்ளை அசைக்கவே இல்லை. பொம்மைக் கார் மோட்டார் கொஞ்சம் இழுத்துவிட்டு உடனே சுட்டது. நோட்டில் ‘தாங்காது’ என்று எழுதினேன். பருத்ததோ பலகையோடு மேசையை விட்டே ஓடப் பார்த்தது. அந்த அழகுக்காகவே அதை மட்டும் ஏழெட்டுத் தடவை ஓட்டினேன்.

அன்று சாயங்காலம் டிவியில் தமிழ்ப் படம். பாதி லயம் அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது. கல்யாண மேடையில் கதாநாயகி மாலையை வீசியெறிந்த நேரம் பார்த்துப் படம் சுருங்கி, ஒரு புள்ளியாகி, அணைந்தது. யாரும் திட்டவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் திடலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பருத்த மோட்டாரைப் பூட்டி, விமானத்துக்கென்று வாங்கிய உள்ளங்கையளவு பேட்டரியைச் சொருகி ஏவினேன். ரேடியோவால் திருப்பும் கருவியெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. தானே வட்டமடித்து, மின்சாரம் தீர்ந்ததும் அதுவே இறங்க வேண்டும். அது மூக்கைத் தொங்கப்போட்டுப் பத்தடி போய்ப் புல்லில் உட்கார்ந்தது. மூன்றாவது தடவை விசிறியே நின்றுவிட்டது. மாமா சிகரெட் பற்றவைத்தார்.

அக்கா ரப்பருக்குப் பால்மரம் வெட்டுகிறவள். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

“நேத்து டிவி பேட்டரியிலதானே ஓட்டிப் பாத்த?”

“ஆமாக்கா.”

“அப்ப அதையும் சேத்துத் தூக்கிக்கிட்டுப் பறக்குமா இது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்ட மட்டும் கொடுக்கிற பேட்டரியில் தின்று தின்றே ஜெயித்திருக்கிறான் பருத்தவன். உள்ளங்கைப் பேட்டரி அவனுக்கு ஒரு வாய்க்குக் காணாது. டிவி பேட்டரியின் வேகத்தில் சுட்ட பொம்மைக் கார் மோட்டாருக்கு இந்தச் சின்னப் பேட்டரிதான் அளவு; அதை மாட்டினேன். முன்பக்கம் கனம் குறைந்துவிட்டதால், மாற்றுக்கு வைத்திருந்த பேட்டரியை மூக்கருகே தள்ளிக் கட்டினேன். இதுவும் விழுந்தால் இனி அந்தத் தோட்டத்தில் நான் தலைகாட்ட முடியாது.

பறந்தது. திடலைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு கொஞ்சம் பெரிய வட்டம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

மூன்றாவது வட்டம் செம்பனை மரங்களுக்கு மேலே போனது. நாலாவது வட்டத்தைக் காணவில்லை. கொஞ்சமாகக் குடிக்கிற மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும் என்பதை மட்டும் நான் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். மாமா சிகரெட்டை வீசிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டினார்.

“என்னடா நிக்கிற, நம்ம பிளேன் போவுது” என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் செம்பனைக்குள் ஓடினார்.