என் தங்கை, இரண்டாம் பிரதிவாதி

எங்கள் பக்கம் கம்பெனி வரப்போகிறது என்று நிலத்துக்கு விலை ஏறிய சமயம் அது. நைனா விட்டுப்போன வேர்க்கடலைக் கொல்லையைத் தம்பி தனியாக விற்கப் பார்த்தான். நான் பாகம் கேட்டு வழக்குப் போட்டேன்.

"கேஸ் போடற நீங்க வாதி. பங்கு இருக்கற மத்த எல்லாரும் பிரதிவாதி. சண்டை இல்லைன்னாலும் உங்க தங்கச்சியைச் சேர்த்தே ஆகணும்" என்றார் வக்கீல். சரி என்று கையெழுத்துப் போட்டேன். தம்பி மேலிருந்த ஆத்திரத்தில், அவளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்தாள். கோர்ட்டு ஆள் அங்கேயே போய்ச் சம்மனைக் கொடுத்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் அவளைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்களாம்.

வாய்தா அன்று கோர்ட்டு வராந்தாவில் என் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, நா இன்னா தப்பு பண்ணேன்னு என் மேல கேஸ் போட்டுக்கீற?"

சட்டம் அப்படி என்று விளக்கினேன். அவள் காதில் ஏறவில்லை. அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

வழக்கு முடியுமுன்னே காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் இடத்தில் அவள் மகளைப் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும் என்றார் வக்கீல். இந்த முறை சம்மன் போவதற்கு முன்பே நான் பஸ் ஏறிப் போய், அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"இவ்ளோதானா மாமா? எங்கம்மாவாண்டயும் இப்டி வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

எங்கள் ஊரிலிருந்து சித்தூருக்கு அன்றைக்கும் பஸ் இருந்தது.