கொடுத்தேன் என்று சொன்ன தயிர்

என் இரண்டாவது பெண்ணுக்கு மூன்று வயதிலிருந்து நெஞ்சில் சளி இறங்கும். ஐப்பசி மழை தொடங்கினால் இருமல், அப்புறம் காய்ச்சல், மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போய் வரும். காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முனையிலேயே ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் தூக்கிக்கொண்டு போவேன். கேப்சூலைப் பிரித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்வார். நாலு நாளில் சரியாகும். பத்து நாள் போனால் மறுபடி வரும்.

அப்படி மூன்றாம் முறை போனபோது அவர் சொன்னார்:

“இந்த மருந்து கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுடுதும்மா. வயித்துல நல்ல கிருமி இருந்தாத்தான் ஒடம்பு எதிர்த்து நிக்கும். தயிர்ல அது இருக்குது. தினம் ஒரு கிண்ணம் குடு. சளி இப்பிடி நெஞ்சுல எறங்கறது கொறைஞ்சாலும் கொறையும்.”

“சரிங்க” என்றேன். கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. இருமுகிறவர்கள் தறிப் பக்கம் போகக் கூடாது. எச்சில் தெறித்துப் பட்டில் பட்டால் கறை நிற்கும். அதனால் மழைக்காலம் வந்ததும் தயிர், மோர், பழைய சோறு எல்லாம் நிறுத்திவிடுவோம். கொல்லையில் மாடு நின்றது, பாலைக் காய்ச்சிக் குடிப்போம், உறை மட்டும் ஊற்றமாட்டோம். தை பிறந்த பிறகுதான் தயிர். டாக்டர் சொன்னதைச் சொன்னதும் மாமியார் சிரித்தார்.

“அவுரு வீட்ல தறி இருக்குதா? குடுத்துப் பாரு, நாளைக்கே உன் வூட்டுக்காரனும் இருமிக்கினு உக்காருவான்.”

என் கணவருக்கு அப்போது ஒரு முகூர்த்தப் புடவை தறியில் பாதி ஓடியிருந்தது. நானும் மாமியார் பக்கம்தான். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

அடுத்த முறை டாக்டர் கேட்டார்: “தயிர் குடுக்கிறியாம்மா?”

பெஞ்சில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இல்லை என்று சொன்னால் தயிருக்கு வழியில்லாத வீடு என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது தாங்காது.

“தினம் குடுக்கறேங்க” என்றேன்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை அதே கேள்வி, அதே பதில்.

மார்கழியில் ஒரு காலையில் அவள் போய்விட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், குதிரை வண்டியில், என் மடியில். அழுதேனா என்று ஞாபகம் இல்லை. நாலாம் நாள் ராட்டையில் உட்கார்ந்து நூல் சுற்றினேன். கை தன் பாட்டுக்குச் சுற்றியது.

தை மாதம், கைக்குழந்தையாக இருந்த மூன்றாவது பெண்ணுக்குக் காதில் சீழ் வந்தது. அவளை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன்.

“அந்த இருமல் பொண்ணு எப்பிடி இருக்கா?”

“போயிட்டாளுங்க.”

பேனாவை மூடி வைத்தார். “தயிர் விடாம குடுத்த இல்ல?” என்றார்.

“குடுத்தேங்க.”

காதுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். நான் சீட்டைக் கம்பவுண்டரிடம் நீட்டிவிட்டு வாசலோரம் நின்றேன். எனக்கு அடுத்தவள் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்தவள். அவள் மடியில் இருந்த பெண்ணுக்கு என் பெண்ணின் வயசுதான் இருக்கும். அதே இருமல்.

“போன வாட்டி தயிர் குடுக்கச் சொன்னீங்களே, குடுத்துக்கினே இருக்கட்டுங்களா?” என்று அவள் கேட்டாள்.

“வேணாம், நிறுத்திடும்மா. நான் நெனச்ச மாதிரி அதுல ஒண்ணும் இல்ல போலிருக்குது” என்றார் டாக்டர்.

கம்பவுண்டர் புட்டியை நீட்டினார். வாங்காமல் உள்ளே போனேன்.

“நான் குடுக்கலைங்க.”

“என்னம்மா?”

“தயிரு. ஒரு நாளு கூட குடுக்கல. பொய் சொன்னேன்.”

பெஞ்சிலிருந்து ஒருத்தி, “அடிப்பாவி, பெத்தவளா நீ!” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “ஏம்மா?”

“எங்க வீட்ல மழைக்காலத்துல வழக்கம் இல்லீங்க.”

அவர் வாலாஜாபாத்காரியிடம் திரும்பி, “நிறுத்தாதம்மா. குடு” என்றார். அவள் குழந்தையை என் பக்கத்திலிருந்து நகர்த்தி மறு தொடையில் வைத்துக்கொண்டாள்.

“குடுத்திருந்தா இருந்திருப்பாளாங்க?” என்று கேட்டேன்.

“தெரியாதும்மா. எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.”

புட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. நான் பாலுக்கு உறை ஊற்றினேன். மாமியார் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“இன்னாடி, தறியத் தூக்கிப் போட்டுட்டு தயிர்க்கடை வெக்கப் போறியா?”

“ஆமா, வெக்கறேன்.”

பால் சட்டியை மூடி வைத்தேன்.

வயிற்றில் இருக்கிற நல்ல கிருமி நுரையீரலுக்கும் காவல் இருக்கலாம் என்று இப்போது டிவியில் சொல்கிறார்கள். இருக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள், இருக்கிறது என்று இன்னும் அடித்துச் சொல்லவில்லை.

சின்னவளுக்கு அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை இருமல் வந்தது. நெஞ்சில் இறங்காமலே போய்விட்டது. தயிரால்தானா என்று நான் யாரையும் கேட்கவில்லை.