மைக்கில் நான் சூட்டிய பட்டம்

என் குரலை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. வார நாட்களில் நான் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்குக் காகிதம் தயார் செய்கிறவன். கோடையில் கடற்கரைத் தெருக்காரர்கள் கோயில் மைதானத்தில் கால்பந்துப் போட்டி வைத்தால் மைக் என் கைக்கு வந்துவிடும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வைத்துக் கூப்பிடுவது எங்கள் ஊர் மைக்கின் வழக்கம். அதில் என்னை அடிக்க ஆளில்லை என்பார்கள். நானும் உச்சி குளிர்ந்துபோவேன்.

அந்த வருஷம் எங்கள் தெரு அணி தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தது. "இந்தத் தடவ ஆப்பிரிக்கா ஆளு ஒண்ணு எறக்கியிருக்கோம்லா" என்று கமிட்டிக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். கிரேன் வைத்து இறக்கியதுபோல. வந்தவரோ ஒல்லியானவர், முப்பதைத் தாண்டியவர், நடுக்களத்தில் ஆடுகிறவர். முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசினார். கொச்சியில் ஒரு பெரிய கிளப் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைத் தேடுகிறதாம், அரையிறுதியைப் பார்க்க ஆள் அனுப்புகிறார்களாம். எடுத்தால் இன்னும் இரண்டு வருஷம் ஆடலாம், இல்லையென்றால் ஊருக்குப் போய் ஆட்டத்தை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்றார்.

அவருக்கு நான் வைத்த பட்டம் 'காப்பிரிக் காளை'.

காப்பிரி என்பது எங்கள் கரையில் புழங்கும் பழைய சொல். ஆப்பிரிக்கக் கறுப்பர்களைக் குறிக்கப் பறங்கிக் கப்பல்களோடு வந்து இறங்கியது. சுருட்டை முடியோடு பிறக்கும் பிள்ளையை அப்படித்தான் கொஞ்சுவோம், என் தங்கையைக்கூட வீட்டில் காப்பிரி என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால் அதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூட்டமும் பிடித்துக்கொண்டது. பந்து அவர் காலுக்கு வந்தால் போதும், "ஏலே காப்பிரி, ஏத்துலே!" என்று மதில்மேல் இருந்தவர்கள் கத்துவார்கள். கத்தியவர்களில் அவரைவிடக் கறுப்பானவர்கள் பாதிப்பேர். நானும் ஒன்றும் வெளுப்பில்லை. ஒருமுறை பயிற்சிக்காக வடக்கே போயிருந்தபோது என் நிறத்தைச் சொல்லிச் சிரித்தவர்களை ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அரையிறுதியன்று கொச்சிக்காரர் வந்தார். மைக் மேசைக்குத்தான் நிழல் என்பதால் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். போனை நோண்டிக்கொண்டும் அவ்வப்போது ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

முதல் பாதியில் எங்களுக்கு இரண்டு கோல். இரண்டையும் அடித்தவன் எங்கள் தெருக்காரன், கட்டுமஸ்தான ஆள். அவனுக்கு நான் வைத்திருந்த பட்டம் 'மூளைக்காரன்'. இரண்டுக்கும் பந்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்தவர் தென்னாப்பிரிக்காக்காரர். அதில் ஒன்று, எதிரணி மூன்று பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலேயே தள்ளிய பந்து. மைக்கில் நான் என்ன சொன்னேன்? "காளை முட்டித் தள்ளிவிட்டது! நம்ம மூளைக்காரன் முடித்துவிட்டான்!"

இடைவேளையில் அவர் தண்ணீர் பாட்டிலோடு என் மேசைக்கு வந்தார். கொச்சிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"நீங்கள் என்னைக் கூப்பிடும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"பலசாலி" என்றேன். வாய் கூசாமல் வந்தது பொய்.

"எங்கள் நாட்டிலும் அந்தச் சொல் இருக்கிறது, 'காஃபிர்' என்று. அதைச் சொன்னவர்களை நாங்கள் கோர்ட்டுக்கு இழுக்கிறோம்" என்றார். குரல் உயரவில்லை. "என் தாத்தாவை அவருடைய பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்தான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். இனி சொல்லமாட்டேன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு மைதானத்துக்குள் போனார்.

சொன்னபடியே இரண்டாம் பாதியில் அந்தச் சொல்லை நான் எடுக்கவில்லை. பெரிய மனுஷத்தனம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. 'யானை பலம்' என்றேன், 'இரும்பு உடம்பு' என்றேன், 'புயல் வேகம்' என்றேன். ஒல்லியான அந்த மனிதர் நின்று, பார்த்து, நேரம் கணித்துப் பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார். யோசிக்கிறார் என்று மட்டும் என் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. அந்தப் பாராட்டு கட்டுமஸ்தான எங்கள் தெருக்காரனுக்கே போய்ச் சேர்ந்தது. சொல்லைத் துப்பிவிட்டேன், அந்தச் சொல் பழக்கிவிட்ட பார்வை அப்படியே கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. சீ என்று இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆட்டம் முடிந்தது, ஜெயித்தோம். கொச்சிக்காரர் எழுந்து, தன் மலையாள வாடைத் தமிழில் சொன்னார்: "ஆப்பிரிக்கக்காரன் நல்ல பலம். பக்ஷே எங்களுக்கு நடுவில் யோசிக்கிற ஆள் வேணும். உங்க மூளைக்காரனை வரச்சொல்லுங்க."

நான் பதறிப்போனேன். "சார், ரெண்டு கோலையும் உண்டாக்கிக் கொடுத்ததே அவர்தான் சார். யோசிச்சு ஆடுனது பூரா அவர்தான்."

அவர் சிரித்தார். "நீங்கதானே சேட்டா இவ்வளவு நேரம் மைக்கில் வேற மாதிரி சொன்னது?"

அதற்குள் எங்கள் தெருக்காரனின் அப்பா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஒங்க வாய்முகூர்த்தம் பலிச்சிட்டு. மூளை மூளைன்னு சொல்லியே எம் மவன ஏத்தி விட்டுட்டீயளே!" அவர் கண்ணில் தண்ணீர். என்னால் அவரைத் தள்ளவும் முடியவில்லை, தட்டிக்கொடுக்கவும் முடியவில்லை.

தென்னாப்பிரிக்காக்காரர் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து நடந்து வந்தார். கொச்சிக்காரர் யாருடைய தோளில் கை போட்டுக்கொண்டு போகிறார் என்பதைப் பார்த்துவிட்டார். என் எதிரே வந்து நின்றார்.

"அந்தக் கோல்களை உண்டாக்கியது யார் என்று அவரிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன்" என்றேன். அது பொய்யில்லை.

"எப்போது?" என்று கேட்டார்.

ஆட்டம் முடிந்த பிறகுதான். நான் குனிந்து மைக் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.