வியாழக்கிழமைச் சீட்டு

தானியேல் தாத்தா பயந்த மனுஷன். இதைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பயம்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று அவரே பெருமையாகச் சொல்வார். சமயநல்லூர் பக்கத்தில் முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறுவார். பாதி ஏறியவர் இறங்கி வந்து, பிடுங்கியது சரியான ஃபியூஸ்தானா என்று மறுபடி பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறுவார். கூட வேலை பார்த்த அழகுபாண்டி, "வீரணண்ணே ஒரு கம்பம் ஏறுறதுக்குள்ள நான் டீ குடிச்சு, வெத்தல போட்டு, துப்பிட்டும் வந்துருவேன்" என்று கேலி பண்ணுவார்.

வீரணன் என்பதும் அவர்தான். விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டில் பெற்றவர்கள் வைத்த பேர் அது. இருபத்தேழு வயதில் எஸ்தரைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியபோது தானியேல் ஆனார். ஆபீஸ் ரெஜிஸ்டரில் கடைசிவரை வீரணன், கோயில் ரெஜிஸ்டரில் தானியேல். இந்தப் பேர் தெரிந்தவர்களுக்கு அந்தப் பேர் தெரியாது. இரண்டு பெயரோடும் நாற்பத்தைந்து வருஷம் சௌகரியமாகக் காலம் தள்ளிவிட்டார். அந்தச் சௌகரியம்தான் பிற்பாடு அவர் காலை வாரிவிட்டது.

எஸ்தர் இறந்து ஐந்து வருஷமாகிறது. வியாழக்கிழமை ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தது அந்த அம்மாதான். அவர் போன பிறகு அந்த நாற்காலி காலியாக இருக்க வேண்டாமென்று இவர் போக ஆரம்பித்தார். ஜெயசீலி டீச்சர் வீட்டு ஹாலில் காலை பதினொரு மணிக்குக் கூடுவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். ஒரு சின்னச் சீட்டில் பேரப்பிள்ளையின் பேரையும் குறையையும் எழுதி, டீச்சர் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். எழுதியவர் பேர் அதில் கூடாது. டப்பா சுற்றி வரும்போது ஆளுக்கொன்று எடுத்து, வாய்விட்டு வாசித்து, அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்க வேண்டும். தன் சீட்டே தனக்கு வந்தால் திருப்பிப் போட்டுவிட வேண்டும். "நம்ம பிள்ளைக்கு நாம அழாமலா இருக்கப்போறோம்? அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அழுவோம்" என்பது டீச்சர் வைத்த சட்டம். அப்படி அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அழுவதில் தானியேல் தாத்தா கெட்டிக்காரர். அவர் ஜெபித்தால் ரிசல்ட் நிச்சயம் என்று பிளஸ் டூ பரீட்சை சமயத்தில் அவருக்குத் தனி மவுசு உண்டு.

அந்த வியாழக்கிழமை அவர் சட்டைப்பையில் இருந்த சீட்டு நெருப்புத் துண்டு மாதிரி இருந்தது.

மதுரை தல்லாகுளத்தில் இருக்கும் மகன் செல்வக்குமாரின் மகள் பவதாரிணி. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை. தாத்தா இருக்கும் சமயநல்லூரிலேயே மாப்பிள்ளை அமைந்து, அடுத்த மாதம் கல்யாணம். பத்து நாளைக்கு முன்னால் அவள் தாத்தாவுக்குப் போன் பண்ணி, கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். அப்பாவுக்குச் சொன்னால் வீட்டைத் தலைகீழாக்கிவிடுவார், நீங்கள் மட்டும் கூட வாருங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு சிம்மக்கல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவருக்கு மூட்டுவலி, அவள் தாத்தாவைப் பார்க்கப் போகிறாள், இதுதான் வெளியே சொன்ன கதை. டாக்டர் கழுத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் அடுத்த ஞாயிறு காலை எட்டரைக்கு.

"நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு தெரியுறவரைக்கும் யாருக்கும் மூச்சு விடக் கூடாது தாத்தா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஜெப விண்ணப்பம் கொடுப்பது சொல்வதாகுமா? நான்கு நாளாகத் தூங்காத மூளை அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தது. பவதாரிணி என்று எழுதினால்தானே வம்பு? அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ரெபேக்காள். அது நடந்தது மதுரைக் கோயிலில், அவள் கைக்குழந்தையாக இருந்தபோது. அதற்குப் பிறகு வீட்டில்கூட ஒருத்தரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. தன்னுடைய ஒரு பேர் இன்னொரு பேரைக் காட்டிக்கொடுக்காமல் இத்தனை வருஷம் இருந்ததுபோல இதுவும் இருக்கும் என்று நம்பினார். "ரெபேக்காள். கழுத்தில் கட்டி. டெஸ்ட் எடுத்திருக்கிறது. கெட்டதாக இருக்கக் கூடாது." என்று எழுதி, நாலாக மடித்து, டப்பாவில் போட்டுவிட்டார். பாதிக் கம்பத்திலிருந்து இறங்கி வந்து ஃபியூஸைப் பார்க்கிற ஆள், இதை மட்டும் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

டப்பா சுற்ற ஆரம்பித்தது. முதல் சீட்டை டீச்சர் எடுத்து வாசித்தார்: "விக்ரம். மூணு நாளாச் சரியாச் சாப்பிட மாட்டேங்கிறான். கேட்டா ஒண்ணுமில்லங்கிறான்."

தானியேல் தாத்தா திடுக்கிட்டு நிமிர்ந்தார். விக்ரம்தான் பவதாரிணிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. அந்தச் சீட்டை எழுதியது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவன் அப்பத்தா செல்லத்தாய் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வட்டத்தில் வேறு விக்ரம் கிடையாது. கல்யாணம் பிடிக்காமல் போய்விட்டதா? யாராவது எதையாவது சொல்லிவிட்டார்களா? டீச்சரின் ஜெபம் முழுக்க அவருக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

அடுத்து டப்பா செல்லத்தாயிடம் போனது. கையை விட்டுத் துழாவி, நாலாக மடித்த சீட்டை எடுத்தார். அந்த மடிப்பைப் பார்த்ததுமே இவருக்குத் தெரிந்துவிட்டது. போகட்டும், பேர் தெரியாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செல்லத்தாய் கண்ணாடியை மாட்டி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ரெபேக்காளா?" என்றார் டீச்சர். "இந்தப் பேரை இப்பத்தான் எங்கயோ கேட்டேன்."

"கேக்காம? ஞாயித்துக்கிழமை கோயில்ல எங்க விக்ரம் பேரோட சேத்து வாசிச்ச பேருதான டீச்சர்" என்றார் செல்லத்தாய், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓலை! கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயர் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சபைக்கு முன் வாசிப்பார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். அதற்குத்தான் ஓலை என்று பேர். அதில் வாசிப்பது ஞானஸ்நானப் பேர்தான். எத்தனை ஓலை கேட்டவர் இவர்! தன் பேத்தியின் முதல் ஓலை வாசித்த அன்று சிம்மக்கல்லில் உட்கார்ந்திருந்ததால் அது புத்தியில் உறைக்கவே இல்லை. கோயில்காரர்களிடம் போய்க் கோயில் பேருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார், கிழவர்.

பத்து முகமும் அவர் பக்கம் திரும்பின. அவர் தரையைப் பார்த்தார். சத்தியம் வாங்கிய பிள்ளையின் கல்யாணத்தைத் தன் கையாலேயே ஒரு துண்டுத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

செல்லத்தாய் சீட்டை மடித்து மடியில் வைத்தார். பிறகு கண்ணை மூடினார். "பரலோகப் பிதாவே" என்று எப்போதும் நீட்டி முழக்குகிறவர், அன்று எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் பேசினார்.

"ஆண்டவரே, சீட்டு என் கைக்கு வந்துருச்சு. எனக்குக் கோவமா இருக்கு. பயமாவும் இருக்கு. என் பேரன் ஏன் சாப்பிடலன்னு இப்பத்தான் விளங்குது. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் இந்தக் கல்யாணம் வேணாம்னு அவன் ஒரு வார்த்த சொல்லல. அந்தப் புள்ள கழுத்துல இருக்கிறது ஒண்ணுமில்லாமப் போகட்டும். ஆமென்."

மற்ற சீட்டுகள் முடியும்வரை உட்கார தானியேல் தாத்தாவால் முடியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்து பவதாரிணிக்குப் போன் பண்ணினார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். ரோட்டில் பஸ் போகிற சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"விக்ரம்கிட்ட திங்கக்கிழமையே நான் சொல்லிட்டேன் தாத்தா" என்றாள் அவள். "அவரையும் உங்களையும் தவிர யாருக்கும் தெரியாது. இனிமே அப்பாவுக்கும் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சுரும். எனக்காக நீங்க ஜெபம் பண்ணுனா பத்தாதா? எதுக்கு அந்த டப்பாவுல போட்டீங்க?"

"எனக்கு ஜெபமே வரலத்தா" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமையில இருந்து முட்டி போட்டாலே உன் கழுத்துல அந்த ஊசி ஏறுனதுதான் கண்ணுக்குள்ள நிக்குது. ஒரு வார்த்த வாயில வரல. ஊரார் பிள்ளைக்கெல்லாம் அம்புட்டு ஜெபிச்சேன். உனக்கு வரல. வேற யாராச்சும் பண்ணட்டும்னுதான் போட்டேன்."

அந்தப் பக்கம் அவளும் அழுதாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவரிடமிருந்து போனை வாங்கியது. செல்லத்தாய்.

"ஏத்தா, விக்ரமோட அப்பத்தா பேசுறேன். உன் மேலயும் கோவந்தான், உங்க தாத்தா மேலயும் கோவந்தான். அதெல்லாம் பெறகு பேசிக்குவோம். முதல்ல உங்கப்பாகிட்ட நீயே சொல்லு, அடுத்தவுக வாயில கேட்டா அந்த மனுசன் ஒடஞ்சு போவாரு. ஞாயித்துக்கிழமை எட்டரைக்கு நீ உங்க தாத்தாவக் கூட்டிக்கிட்டு ரிசல்ட் வாங்கப் போ. விக்ரமையும் அனுப்புறேன். ரெண்டாவது ஓலைக்கு இங்க கோயில்ல முதல் பெஞ்சுல நான் இருப்பேன். ஆட்சேபணை உண்டான்னு ஆயரு கேப்பாருல்ல? எவளும் வாயத் தெறக்காம நான் பாத்துக்கிறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாங்கண்ணே, இன்னும் ஆறு சீட்டு கெடக்கு" என்று உள்ளே போனார். அவரும் பின்னாலேயே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். டப்பா அவர் பக்கம் வந்ததும் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.